சீல் பிரிந்த பெட்டி

ஜூன் 9

மாப்பிள்ளைக்கு,

அன்றைக்கு லேபின் முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் நான் அங்கே இல்லை, என் காதில் விழவில்லை என்று சொல்லக் கூடாது. மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள், நாற்காலி இருந்தும் நின்றுகொண்டு. இந்தப் பக்கம் பஸ் டிரைவர், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி. கம்ப்யூட்டர் முன்னால் கிளார்க். திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஊசித் தட்டோடு ரத்தம் எடுக்கும் பெண். பிரிண்டருக்கு மை கொண்டுவந்த உங்கள் சிநேகிதர் சல்லிசு, வந்த வேலை முடிந்தும் கிளம்பாமல் சுவரோரம். உள்ளறையில் மைக்ராஸ்கோப் முன்னால் என் மகள். நடுக்கதவு திறந்துதான் இருந்தது. வாசலோரம் என் நாற்காலியில் நான். ஏழு பேர். மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

டிரைவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் சத்தம்கூடப் போடவில்லை. "என் சர்க்கரை ரிப்போர்ட் டிப்போ வரைக்கும் எப்படிப் போச்சு? ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டு என்னை ஸ்பேர் பார்ட்ஸ் ரூம்ல உக்கார வச்சுட்டாங்க. யார் சொன்னதுன்னு மேனேஜரைக் கேட்டா, உங்க லேப்ல இருந்துதான் தெரிஞ்சதுங்கறார்" என்றார். டாக்டரைப் பார்த்துவிட்டு, அவரே போய் டிப்போவில் சொல்வதாக இருந்தாராம். தானாக இறங்குவதும் பிடித்துத் தள்ளப்படுவதும் ஒன்றா?

அதற்குக் கிளார்க் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது இது: "அம்மாதான் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டு இருப்பாங்க." உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் காலண்டரைப் பார்த்தீர்கள். பார்த்தபடியே, "அத்தை, கொஞ்ச நாள் மச்சான் வீட்ல இருந்துட்டு வாங்களேன்" என்றீர்கள். டிரைவர் போன பிறகு இன்னொரு தடவை சொன்னீர்கள். மதியம் நீங்கள் மாடிக்குச் சாப்பிடப் போகும்போது மறுபடியும். ஒரு தடவை சொன்னால் அது யோசனை. மூன்று தடவை சொன்னால் உத்தரவு.

வந்துவிட்டேன். பெரியவன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல் தெரிகிறது.

பதினோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, டோக்கன் எண் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்ற வழக்கத்தை வைத்தது நான். ரிப்போர்ட்டை உறையில் போட்டு, ஒட்டி, ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தி அவரவர் கையில் கொடுத்ததும் நான். நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனால் எதைப் படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். யார் சொன்னது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். அதுவரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன். போனில் கூப்பிட வேண்டாம். போனில் என்றால் நீங்கள் "சரி அத்தை, சரி அத்தை" என்று முடித்துவிடுவீர்கள். எழுதினால் நீங்களும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அத்தை


ஜூன் 15

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கடிதம் எழுதியதே இல்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. கிளார்க் பொதுவாகச் சொன்னார். அவருடைய பேச்சே அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நான் உங்களை அனுப்பியதும் தண்டனையாக இல்லை. டிரைவருக்குத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் வந்து நின்று முணுமுணுத்தார்கள். அவர்கள் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போன அன்று அவரிடம் நீங்கள் ஏதோ ஆறுதல் சொன்னீர்களாம். வாசற்படியில் நின்று சொன்னதை யாராவது கேட்டிருக்கலாம் இல்லையா? நல்ல மனதோடு சொன்னதுதான், எனக்குத் தெரியும். நாம் இதை இதோடு விட்டுவிடலாம். லேப் ஏற்கனவே ஆட்டம் கண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பேர் வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது நான்கைந்து பேர்தான் வருகிறார்கள்.

உங்கள் மகள் முட்டிக்குத் தைலம் கொடுத்திருக்கிறாள், இந்தப் பார்சலிலேயே இருக்கிறது. இரண்டு வேளை தடவச் சொன்னாள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 21

மாப்பிள்ளைக்கு,

டிரைவர் ரிப்போர்ட் வாங்கியது மே 16, வெள்ளிக்கிழமை. டோக்கன் எண் 3. அவருக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். படியில் ஒருவரும் இல்லை. எதிர்க்கடை ஷட்டர்கூட ஏறவில்லை. அவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் வெளிறி நின்றார். நான் சொன்னது: "செருப்பை மாத்திப் போட்டிருக்கீங்க தம்பி." அவ்வளவுதான். உறைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவரே உங்கள் முன்னால் "சர்க்கரை" என்று சொன்னபோதுதான் எனக்கும் தெரிந்தது. ஆறுதல் சொன்னேன் என்று உங்களிடம் சொன்னவர் யாரோ, அவர் காதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள்.

நீங்கள் விட்டுவிடலாம் என்கிறீர்கள். உங்கள் மேல் ஒட்டியிருந்தால் விடுவீர்களா?

வாய் உள்ளவர்களை எல்லாம் ஒரு சுற்றுச் சந்தேகப்பட்டாயிற்று. வாய் இல்லாத ஒன்று அந்த அறையில் இருந்ததே, அதை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் வந்தது ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. வாசற்கதவின் ஸ்பிரிங் அறுந்த அன்று. "கப்பல்ல மொத்தமா வந்த சரக்கு, பாதி விலை" என்று சல்லிசு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். எதைக் கேட்டாலும் சல்லிசாக முடித்துத் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வாங்கியவர். பெட்டியை என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இறக்கினார். நான் பார்த்தேன். மேல் மூடியின் சீல் ஒரு தடவை பிரிக்கப்பட்டு, அதன் மேலேயே வேறு டேப் ஒட்டியிருந்தது. பழைய டேப் மங்கல், புது டேப் பளபளப்பு. "இது யாரோ பிரிச்ச பெட்டி" என்றேன். கிளார்க் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். "அத்தை, இது ஊசி இல்லை" என்றீர்கள்.

நம் லேபில் ஊசிப் பாக்கெட்டின் ஓரம் மயிரிழை பிரிந்திருந்தாலும் அதைக் குப்பையில் போட வேண்டும். வந்தவர் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். ஒரு தடவை ரத்தம் எடுக்கும் பெண் ஓரம் கிழிந்த ஒன்றை எடுத்துவிட்டாள் என்று நீங்கள் அரைமணி நேரம் பேசினீர்கள். அப்படிப்பட்டவர் பிரித்து ஒட்டிய பெட்டியை மேஜை மேல் வைத்து, வந்தவர்களின் ரத்தக் கணக்கை எல்லாம் அதற்குள் போட்டீர்கள்.

பழைய கம்ப்யூட்டர் உள்ளறையில் இன்டர்நெட்டுக்குப் போகும் வெளி வயர் ஒன்றும் இல்லாமல் கிடந்தது. ரிப்போர்ட் அடிக்கும், அத்தோடு சரி. அதை யாரும் குறை சொல்லவில்லை.

தைலம் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன். முட்டி நன்றாக இருக்கிறது.

அத்தை


ஜூன் 28

அத்தைக்கு,

உங்கள் நினைவாற்றலை நான் என்றைக்கும் குறைத்துச் சொன்னதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஊர்வம்பு பேசாது, அத்தை.

அது ஏன் வாங்கினோம் என்று உங்களுக்கே தெரியும். ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்புங்கள் என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம், டிப்போ, ஆலை எல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை தங்கள் ஆட்களைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அவர்களும் மெயில் முகவரி கேட்கிறார்கள். நல்ல கம்பெனி மெஷின் விலையை விசாரித்தேன், தலை சுற்றியது. சல்லிசு என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனே வந்து எல்லாவற்றையும் பொருத்தி, பாஸ்வேர்டு போட்டு, தயாராகக் கொடுத்தான். இந்தத் தெருவில் பாதிக் கடைகளில் அவன் கொடுத்த மெஷின்தான் ஓடுகிறது. பெயர் தெரியாத கம்பெனி என்பதற்காகக் கெட்டது என்று ஆகிவிடுமா? பெட்டியைச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்திருப்பார்கள்.

தைலம் திரும்பி வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியில் வைத்தாள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 4

மாப்பிள்ளைக்கு,

சுங்கத்தில் பிரித்திருப்பார்கள் என்பது நீங்கள் நினைப்பது. பார்த்தவர்கள் யார்?

இங்கே பேத்தி ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறாள். காலையில் அவள் ஷூவுக்கு லேஸ் கட்டும் நேரம்தான் எனக்குக் கிடைக்கும். கேட்டேன். அவள் சொன்னது: "பாட்டி, பூட்டு வாங்குறோம், சாவி நம்ம கையில இருக்கு. ஆனா செஞ்சவனோ, நடுவுல வித்தவனோ இன்னொரு சாவி வச்சிருந்தா நமக்கு எப்படித் தெரியும்? பூட்டு நல்லாத்தான் பூட்டும்."

அதிலிருந்து எனக்குச் சில விஷயங்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. கிளார்க்கிடம் கேட்டுச் சொல்லுங்கள். காலையில் அதைப் போட்டதும் திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டம் வரும். அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே ஒரு தட்டுத் தட்டி அதை அனுப்பிவிடுவார். அதில் என்ன எழுதியிருந்தது?

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் மாடிக்குச் சாப்பிடப் போவீர்கள். முட்டி வலிக்குது என்று நான் கீழேயே சாப்பிடுவேன். ஆளில்லாத அறையில் அந்தப் பெட்டியின் விசிறி உறுமும். சும்மா இருக்கும்போது உறுமாது. வேலை செய்யும்போதுதான் உறுமும் என்று எனக்கு அதற்குள் பழகியிருந்தது. வயர் நுழையும் இடத்தில் பச்சை விளக்கு துடிக்கும். கிளார்க்கிடம் சொன்னேன். "அது தானா ஓடிக்கும்மா" என்றார். வேலைக்காரன் ஒருத்தன் யாரும் சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்கிறான் என்றால் அவன் யாருக்கு வேலை செய்கிறான்?

வெளி வயரைப் பிடுங்குங்கள். விற்றவரைக் கூப்பிடாமல் வேறு ஓர் ஆளிடம் காட்டுங்கள்.

அத்தை


ஜூலை 17

அத்தைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

கிளார்க்கிடம் கேட்டேன். அந்தச் சிவப்புக் கட்டம் பாதுகாப்பு புரோகிராம் போடும் எச்சரிக்கையாம். அது மெஷினை மெதுவாக்குகிறது, நிறுத்திவிடுங்கள் என்று சல்லிசு முதல் நாளே சொன்னானாம். நிறுத்தியும் தினமும் அது வந்து கேட்குமாம். இவர் "பிறகு" என்று அழுத்திவிடுவாராம். ஏப்ரலிலிருந்து தினமும் "பிறகு".

வயரைப் பிடுங்கிவிட்டோம். இங்கே சின்னதாக ஒன்று நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 22

மாப்பிள்ளைக்கு,

உங்களுக்குக் கல்யாணமான புதிதில் மோட்டார் சைக்கிளில் விழுந்துவிட்டு "சின்னதா ஒண்ணு" என்று சொல்லி அனுப்பினீர்கள். வந்து பார்த்தால் காலில் இரும்புக் கம்பி. அதனால் எழுதுங்கள். நான் வந்துவிட்ட பிறகு நடந்ததா, முன்னால் நடந்ததா என்பதை மட்டும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அத்தை


ஜூலை 30

அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு நடந்தது.

ஜூலை 10ஆம் தேதி பாட்டு டீச்சர் வந்தார். உங்களுக்குத் தெரிந்தவர்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவருக்கு ரிப்போர்ட்டில் நல்ல செய்தி வந்திருந்தது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். டீச்சர் நேராக இங்கே வந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "இன்னும் என் வீட்டுக்காரருக்கே சொல்லலை சார். ஞாயித்துக்கிழமை அவர் ஊர்ல இருந்து வந்ததும் சொல்லணும்னு வச்சிருந்தேன். ஒன்பது வருஷமா அதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு வச்சிருந்தேன்" என்றார்.

தலைமை ஆசிரியை அச்சடித்து வைத்திருந்த தாளையும் கொண்டுவந்திருந்தார். நம் லேபின் முகவரியிலிருந்து போன மெயில். ரிப்போர்ட் அப்படியே கூட இருந்தது. அனுப்பிய நேரம் மதியம் 1:20. கதவு சாத்தியிருந்த நேரம். நம்மிடம் அனுப்பியதற்கான அடையாளமே இல்லை. நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது எவ்வளவு தாழ்வான நாற்காலி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை அழைத்து வந்தேன். முழுதாக ஒரு நாள் பார்த்தார். பெட்டி நம் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ அதைத் திறந்து உள்ளே ஒரு புரோகிராமைப் பதித்திருக்கிறார்கள். எங்கே, யார் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. எத்தனையோ கை மாறி வந்திருக்கிறது. நாம் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் அது குறித்து வெளியே அனுப்பியிருக்கிறது. மெயில் பாஸ்வேர்டும் அதில் போயிருக்கிறது. மெஷினை இயக்கும் விண்டோஸே திருட்டுப் பிரதி என்பதால் கம்பெனி அனுப்பும் திருத்தம் ஒன்றுகூட அதில் ஏறாது. நம் மெயிலில் இருக்கும் எல்லா முகவரிக்கும் இருந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் அது அள்ளி அள்ளி அனுப்பியிருக்கிறது. வாங்கியவர்கள் குப்பை என்று அழித்துவிட்டார்கள். தெரிந்த பெயரைப் பார்த்தவர்கள் மட்டும் படித்தார்கள். டிப்போ மேனேஜர் ஒருவர், தலைமை ஆசிரியை ஒருவர். நமக்குத் தெரிந்து இரண்டு.

"விலை குறைஞ்ச மெஷின் எல்லாம் கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். யார் கையில எல்லாம் இருந்துட்டு வந்ததுன்னு தெரியாம, வந்ததும் துடைச்சுப் புதுசா ஏத்தாம, அப்படியே ஆளுங்க ரகசியத்தை அதுல போட்டீங்க பாருங்க, அதுதான்" என்றார் அந்த அம்மா. ரத்தம் எடுக்கும் பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தக் கிழிந்த ஊசிப் பாக்கெட்டுதான் ஞாபகம் வந்தது.

சல்லிசு வந்தான். "நான் பெட்டியைத் திறக்கவே இல்லடா, வந்தபடியே கொடுத்தேன்" என்றான். உண்மைதான் சொல்கிறான். அதுதான் அவன் தப்பு என்று அவனுக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது தான் விற்ற மெஷின்களைத் துடைக்கச் சொல்லிக் கடை கடையாகப் போய்க்கொண்டிருக்கிறான்.

ஜூலை 11லிருந்து எனக்கு இது தெரியும். 17ஆம் தேதி உங்களுக்கு எழுதும்போதும் தெரியும். எழுதக் கை வரவில்லை.

இன்னும் ஒன்று. மற்றவர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன். தெரியாதவர்களுக்குத் தெரியாமலே இருந்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? சொன்னால் லேபை மூட வேண்டிவரலாம். சொல்வதென்றாலும் யாரிடம் என்று போவது? பெயர்ப் பட்டியல் அந்த மெஷினுக்குள் இருக்கிறது. அதை இனி ஆன் பண்ணவே கூடாது என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது வந்த பிறகு நோட்டில் எழுதுவதையும் நிறுத்திவிட்டோம்.

நீங்கள் வந்துவிடுங்கள் அத்தை.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 5

மாப்பிள்ளைக்கு,

யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். தன் ரத்தத்தைப் பற்றி ஊரில் யாரோ படித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் தெரியாமல் தெருவில் நடந்து போகிறானே, அவனுக்கு. நம்மிடம் கை நீட்டியவர்களிடம் நாம்தான் சொல்ல வேண்டும். லேப் மூடினால் மூடட்டும். சொல்லாமல் திறந்து வைத்தால் அதுவும் பிரித்து ஒட்டிய பெட்டிதான்.

பட்டியல் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். இதோடு பத்தொன்பது தாள் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 22லிருந்து நான் கிளம்பிய ஜூன் 5 வரை வந்தவர்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பேத்தி தாளுக்கு அலைந்தாள். பெயர் ஒன்றுகூட எழுதவில்லை. கடிதம் தப்பிப் போய் வேறு ஆள் கையில் விழுந்தால் அதுவும் உங்கள் கம்ப்யூட்டர் செய்த வேலையாகிவிடும். நாள், டோக்கன் எண், ஆள் அடையாளம், அவ்வளவுதான். "மே 2, எண் 5, இடது கையில் நரம்பே கிடைக்காத அம்மா." "மே 8, எண் 1, உட்காரும்முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பவர்." "மே 27, எண் 6, ஊசியைப் பார்த்ததும் கணவனைத் திட்டியவள்." பார்த்தால் உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் நம் தெருக்காரர்கள்தான். மே 19 மட்டும் எண் 2, எண் 7 இரண்டும் பிடிபடவில்லை. அன்று காற்றடித்து டோக்கன் எல்லாம் பறந்து, பொறுக்கி மறுபடி கொடுத்தோம். அந்த இரண்டு பேரையும், ஜூன் 5க்குப் பிறகு வந்தவர்களையும் ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் கேளுங்கள். அவள் முகத்தை மறந்தாலும் நரம்பை மறக்க மாட்டாள்.

ஒவ்வொருவரிடமும் நேரில், கதவைச் சாத்திக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள். கிளார்க்கை அனுப்ப வேண்டாம். முதலில் டிரைவரிடம் போங்கள்.

அத்தை


ஆகஸ்ட் 20

அத்தைக்கு,

முடித்துவிட்டேன். உங்கள் தாள்களில் ஒரே ஓர் ஆள்தான் யார் என்று தெரியாமல் திண்டாட வைத்தார்: "மே 30, எண் 4, சிரித்தால் ஒரு கண் மட்டும் மூடுகிறவர்." அது யார் என்று பார்த்தால், எங்கள் பால்காரர். தினமும் காலையில் பார்க்கிற முகம். நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

சிலர் திட்டினார்கள். இரண்டு குடும்பம் இனிமேல் வர மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியவே போறதில்லை, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் தன் அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். லேப் மூடவில்லை. பெரிதாக ஓடவும் இல்லை. பாட்டு டீச்சர் வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவைதான் கதவு திறந்தது.

டிரைவரிடம்தான் முதலில் போனேன். டிப்போவின் ஸ்பேர் பார்ட்ஸ் அறையில், டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினோம். சர்க்கரை இறங்கியிருக்கிறதாம், டாக்டர் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதம் வண்டி எடுக்கலாமாம். நான் சொல்லி முடித்ததும் ஒரு டயரை நகர்த்திச் சுவரில் சாய்த்தார். பிறகு, "அப்ப அந்த அம்மா சொல்லலை. அவங்க என் செருப்பைப் பத்தித்தான் சொன்னாங்க. எனக்கே தெரியும். கோவத்துல நானும் வாயைத் திறக்கலை" என்றார். உங்களைப் பார்க்க வர வேண்டும் என்கிறார்.

பழைய கம்ப்யூட்டரை உள்ளறையில் மறுபடி வைத்துவிட்டோம், வெளி வயர் இல்லாமல். மெயிலுக்கென்று தனியாக ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆஸ்பத்திரி அம்மாவே கடைக்கு வந்து, சீலைத் தடவிப் பார்த்து, பிரித்து, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். பாஸ்வேர்டு எல்லாம் மாற்றியாயிற்று. வருகிறவர்கள் பெயர் மறுபடி நோட்டில். ரிப்போர்ட் மறுபடி உறையில். உறையின் ஓரத்தை நான் அழுத்துகிறேன், சரியாக ஒட்ட மாட்டேன் என்கிறது.

கிளார்க் உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார். சிவப்பாக எது வந்தாலும் இப்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார், போனில் பாட்டரி தீர்ந்தால்கூட.

நான் அன்றைக்குக் காலண்டரைப் பார்த்தது தப்பு. உங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போது அவள் பின்னால் வந்து நின்றாள். நீயும் இரண்டு வரி எழுதேன் என்றேன். "நான் என்னன்னு எழுதறது?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நடந்ததை எல்லாம் மன்னித்துவிட்டு வாருங்கள், அத்தை. உங்கள் நாற்காலியில் ஒருவரும் உட்காருவதில்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 23

மாப்பிள்ளைக்கு,

புதன்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். வழி எனக்கு மறக்கவில்லை.

ரிப்போர்ட் உறையின் ஓரத்தை அழுத்தினால் மட்டும் போதாது. அழுத்திவிட்டுப் பத்து எண்ணும் வரை விரலை எடுக்கக் கூடாது. நீங்கள் மூன்றில் எடுத்துவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். கிளார்க்குக்குச் சிவப்புக் கட்டத்தையும் படிக்கப் பொறுமை இல்லை, ஆளையும் படிக்கப் பொறுமை இல்லை. அவரை வாசலில் வைத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிடுவேன். சல்லிசு கடை கடையாக ஏறி இறங்குகிறார் என்றால் அவருக்கு அதுவே போதும். டிரைவர் பாவம், அவர் வயிற்றில் அடி விழுந்த நேரம். ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு அங்கே வாய் திறக்க உரிமை இல்லை என்று நீங்கள்தானே பழக்கி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டவன் எந்தக் கரையில் இருக்கிறானோ, அவன் முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரியாதவன் மேல் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நீங்கள் காலண்டரைப் பார்த்தீர்கள். ஆனால் கதவு கதவாகப் போய் நின்றீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தவர். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்த ஒருத்தி அங்கே இருந்தாள். ஒன்பது வயதில் அவள் ஒரு நாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, தான் செய்த ஒன்றை என்னிடம் சொன்னாள். நான் அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அந்தப் பழியை என் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் அவர் என்னோடு பேசாமல் இருந்ததையும் வாங்கிக்கொண்டேன். அவர் கண் மூடும்வரை சொல்லவில்லை. பெரியவனுக்குத் தெரியாது. உங்களுக்கும் சொல்ல மாட்டேன், கேட்க வேண்டாம்.

அந்த வாயைப் பற்றி ஏழு பேர் நடுவில் பேச்சு வந்தபோது நடுக்கதவு திறந்திருந்தது. "அம்மா சொல்லியிருக்க மாட்டாங்க." மூன்றே வார்த்தை, அவள் சொல்லவில்லை. அவள் லென்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

வந்து அவள் போடும் சாப்பாட்டைச் சாப்பிடுவேன். அலமாரியில் இருக்கும் தைலத்தையும் எடுத்துத் தடவிக்கொள்வேன். ஜுரம் வந்தால் அவள் நெற்றியில் என் கைதான் இருக்கும். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் நான் மன்னிக்காத ஒரே ஆள், என் மகள்.

அத்தை